பிஸ்கட் டின்னில் ஓர் அறுபத்தாறு

சென்ற நவம்பரில் ஒரு சனிக்கிழமை, லாசாலில் இருந்து பொயின்ட் கிளேருக்குப் போய்வந்தேன். ஒரு ரயில் இயந்திரத்தை ஓட்டுவதற்காகப் போனேன். இயந்திரத்தின் நீளம் இருபத்தெட்டு சென்டிமீட்டர். இதே ஆசையுள்ளவர்கள் மொன்றியலில் இன்னும் சிலராவது இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். நான் எழுதப் பழகி இரண்டு வருடம்தான் ஆகிறது. ஒரு பந்தி எழுத ஒரு மாலை நேரம் செல்கிறது. ஆனால் எழுதும்போது அந்த நாள் இன்னொரு முறை நடக்கிறது. ஆகவே எனக்கு அவசரம் இல்லை.

கோடையில் லண்டனில் மகளிடம் ஆறு வாரம் நின்றேன். அவளுடைய வீட்டுக்குப் பின்னால் சரக்கு ரயில் பாதை. கொள்கலன்களை இழுத்துக்கொண்டு டீசல் இயந்திரங்கள் போகும். தட்டையான மஞ்சள் முகம், அடித்தொண்டையில் ஓர் உறுமல். அவற்றை இங்கிலாந்தில் 'அறுபத்தாறாம் வகுப்பு' என்கிறார்கள். கூரையின் அமைப்பைப் பார்த்து ரசிகர்கள் 'கொட்டகை' என்றும் கூப்பிடுகிறார்கள். இதில் நான் ரசித்த விசயம், அவற்றில் பெரும்பாலானவை செய்யப்பட்டது நம்முடைய கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள லண்டனில். இங்கே செய்து கப்பலில் ஏற்றி அங்கே அனுப்பியிருக்கிறார்கள். நான் திரும்பும்போது மகள் அதன் மாதிரி ஒன்றை வாங்கித் தந்தாள். உண்மையானதில் எழுபத்தாறில் ஒரு பங்கு.

வீட்டில் சாப்பாட்டு மேசையில் ஒரு மீட்டர் தண்டவாளம் வைத்திருக்கிறேன். இயந்திரம் ஒரு மீட்டர் போகும், ஒரு மீட்டர் திரும்பி வரும். எனக்கு வேறு ஆசை. அதன் பின்னால் பதினெட்டு கொள்கலன் வண்டிகளைக் கொளுவி ஒரு பெரிய வளைவில் ஓட்ட வேண்டும். இயந்திரத்தையும் கடைசி வண்டியையும் ஒரே பார்வையில் காண வேண்டும்.

கனடாவில் பெரும்பாலோர் வட அமெரிக்க ரயில்களின் மாதிரிகளையே வைத்திருக்கிறார்கள். தண்டவாள அகலம் ஒன்றுதான், ஆனால் வண்டிகளைக் கொளுவும் கொக்கி வேறு. பிரித்தானிய ரயில்களை மட்டும் ஓட்டும் ஒரு சிறிய குழு பொயின்ட் கிளேரில், ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. மாதம் ஒருமுறை வெளியாட்களுக்கு ஆளுக்கு இருபது நிமிடம் தருகிறார்கள். முன்கூட்டியே தொலைபேசியில் சொல்ல வேண்டும். எனக்காகப் பேசியவர் யேசுதாசன். மன்னார்க்காரர், எங்கள் கட்டிடத்தில் இரண்டாம் மாடி. டோர்வல் விமான நிலையத்தில் பயணப்பெட்டி ஏற்றி ஓய்வு பெற்றவர். என்னைவிட ஆறு வயது இளையவர், ஆங்கிலமும் பிரெஞ்சும் தெரிந்தவர், வாய் சும்மா இராது.

காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டோம். இயந்திரத்தைத் துவாயில் சுற்றி ஒரு நீளமான பிஸ்கட் டின்னில் வைத்தேன். ஆங்கிரினோனில் மெட்ரோ ஏறி லியோனல் குரூவில் இறங்கி, அங்கிருந்து மேற்கே போகும் பஸ் எடுத்தோம். மொத்தம் ஒன்றரை மணித்தியாலம். அறுபத்தைந்து வயதைத் தாண்டிய மொன்றியல்வாசிகளுக்குப் பயணம் இலவசம். படம் போட்ட அட்டையை மறக்க வேண்டாம்.

"அண்ணை, கோச்சி ஓட்டப் போறன் எண்டு கோயிலில ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ," என்றார் யேசுதாசன். "பேந்து என்னையும் சேர்த்து விசர் எண்டுவினம்."

"உனக்கு அது புதுசே?" என்றேன்.

பஸ் சாரதி 'பொன்ஜூர்' சொல்லிவிட்டு டின்னைக் காட்டி ஏதோ கேட்டார். கேக்கா என்று கேட்டாராம். யேசுதாசன் ரயில் இயந்திரம் என்று பதில் சொன்னார். சாரதி, அப்படியானால் இன்றைக்கு நீங்களே ஓட்டுங்கள் என்று தன் இருக்கையைக் காட்டினார். டோர்வலைக் கடந்தபோது மழை பனியாக மாறியிருந்தது.

கீழ்த்தளத்தில் அனுமதி நன்கொடை ஐந்து டொலர். தேநீர் அதற்குள் அடக்கம். அறை முழுவதும் மேசைகள். அவற்றின்மேல் ஓர் இங்கிலாந்து ஊர்: ஈரமான செங்கல் சுவர்கள், ஒரு பாலம், ஒரு சரக்கு முற்றம், மூலையில் அந்தப் பெரிய வளைவு. ஓட்டுபவர்கள் பன்னிரண்டு பேர் இருக்கலாம். எல்லோரும் என் வயதை ஒட்டியவர்கள். குழுவின் தலைவர் பெயர் டெரிக். இங்கிலாந்தில் பிறந்து இங்கே வந்து குடியேறியவர். என் இயந்திரத்தைக் கையில் எடுக்காமல் குனிந்து பார்த்தார். என் ஆசையை யேசுதாசன் சொன்னதும் பதினெட்டு வண்டிகளையும் அவரே அடுக்கி வைத்தார். முதலில் இயந்திரம் தனியாக ஒரு சுற்றுப் போகட்டும், பிறகு கொளுவலாம் என்றார்.

கையில் ஒரு கருவி தந்தார்கள். அதில் ஒரு திருகு, ஒரு சிறிய திரை. திரையில் 3 என்று இருந்தது. நான் திருகினேன். என் அறுபத்தாறு நிலையத்தை விட்டு மெல்ல நகர்ந்தது. ஒரு மீட்டரைத் தாண்டியது. அது ஒரு மீட்டரைத் தாண்டியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஸ்டொப், ஸ்டொப்!" என்று நாலு குரல் கேட்டது.

ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. என் இயந்திரம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அதையே பார்த்தபடி நின்றேன். அந்த இரண்டு விநாடி போதுமாக இருந்தது. அறையின் மறுபக்கம், சரக்கு முற்றத்தில் நின்ற இன்னொரு இயந்திரம் தானாகப் புறப்பட்டு, பாதை முடியும் இடத்தையும் தாண்டி, மேசை விளிம்பால் தரையில் விழுந்தது.

அது டெரிக்கின் இயந்திரம். அறுபத்தெட்டாம் வகுப்பு, அந்த வாரம்தான் தபாலில் வந்தது. சாரதி ஏறும் படி ஒன்று உடைந்திருந்தது. தண்டவாளத்தில் வைத்தபோது அது அசையவில்லை.

நடந்தது இதுதான். இப்படியான மாதிரி இயந்திரம் ஒவ்வொன்றும் தொழிற்சாலையில் இருந்து 3 என்ற எண்ணோடு வருகிறது. கருவி அந்த எண்ணைக் கூப்பிட்டால்தான் அது நகரும். வாங்கியவர் முதல் வேலையாக அதற்குச் சொந்த எண் கொடுக்க வேண்டும். இயந்திரத்தின் உடலில் எழுதிய எண்ணின் கடைசி இலக்கங்களை வைப்பது வழக்கம். என் வீட்டில் இருப்பது ஒன்றே ஒன்று. எண் மாற்ற நினைக்கவே இல்லை. டெரிக்கும் மாற்றவில்லை. நான் 3 ஐக் கூப்பிட்டேன், இரண்டும் வந்தன.

டெரிக் உடைந்த படியை ஒரு கடித உறைக்குள் போட்டார். யேசுதாசன் என் காதருகே வந்தார்.

"அண்ணை, எண்ணை மாத்தாமல் ஒண்டையும் பாதையில வைக்கக்கூடாதெண்டு சுவரில ஒட்டிக் கிடக்கு. கீழ கையெழுத்து ஆரின்ரை எண்டு தெரியுமோ? இந்தாளின்ரைதான்."

"வாயை மூடு."

"தமிழிலதானே சொல்லுறன். அந்தாளுக்கு விளங்காது."

"உன்ரை முகத்தைப் பார்த்தால் ஆருக்கும் விளங்கும்."

ஒருவர் என் இயந்திரத்துக்குப் புது எண் போட்டுத் தந்தார். பத்து நிமிடம் மிச்சம் இருந்தது. எனக்குப் பின்னால் இன்னொரு விருந்தினர் தன் பெட்டியுடன் காத்திருந்தார். பதினெட்டு வண்டிகளும் வளைவில் பக்கத்துப் பாதையில் தயாராக நின்றன. டெரிக் வண்டிகளைக் காட்டி, போங்கள் என்று தலையசைத்தார். பிறகு தன் இயந்திரத்தைக் கையில் தூக்கிக்கொண்டு முற்றத்தின் பக்கம் நடந்தார்.

மகளின் வீட்டு யன்னலில் ஒரு நாள் பார்த்தது அப்போது ஞாபகம் வந்தது. பழுதான இயந்திரம் ஒன்றை ஓர் அறுபத்தாறு பின்னால் கட்டி இழுத்துப் போனது. ரயில் பாதையில் பழுதானதை யாரும் கையில் தூக்கிப் போவதில்லை.

"தம்பி, அவரிட்டைக் கேள்," என்றேன். "அதை நான் இழுத்துக்கொண்டுபோய் முற்றத்தில விடட்டோ எண்டு."

"அப்ப பதினெட்டுப் பெட்டி?"

"கேள் எண்டுறன்."

யேசுதாசன் கேட்டார். டெரிக் நின்றார். திரும்பி வந்து என்னிடம் ஏதோ நீளமாகச் சொன்னார்.

"சில்லு இறுகிக் கிடக்காம், இழுத்தால் உருளாதாம். அஞ்சு நிமிசம் தாங்கோ எண்டுறார்," என்றார் யேசுதாசன். "அண்ணை, ஆள் சிரிக்குது."

டெரிக் மேல்மூடியைக் கழற்றி, மோட்டாரையும் சில்லுகளையும் பிணைக்கும் பற்சக்கரங்களை வெளியே எடுத்தார். சில்லுகள் இலகுவாக உருண்டன. இரண்டையும் அவரே கொளுவினார். நான் திருகினேன். அறுபத்தாறு முன்னால், அறுபத்தெட்டு பின்னால், பாலத்தின் மேலால், பெரிய வளைவைச் சுற்றி, நிற்கும் பதினெட்டு வண்டிகளைக் கடந்து முற்றத்துக்குப் போயின. மற்றவர்கள் தங்கள் ரயில்களை நிறுத்தி வழிவிட்டார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். அது பகிடியா மரியாதையா என்று எனக்குத் தெரியவில்லை. முற்றத்தில் நிறுத்தியபோது என் இருபது நிமிடம் முடிந்திருந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். கீழ்த்தளத்துக்கு இறங்கப் பதினாறு படிகள், கைப்பிடி ஒரு பக்கம்தான். முழங்கால் வலி உள்ளவர்கள் பின்வாசலைக் கேளுங்கள். சனிக்கிழமைகளில் திரும்பும் பஸ் அரை மணித்தியாலத்துக்கு ஒன்று. சாப்பாடு கொண்டு போங்கள். நாங்கள் கொண்டுபோன றோல்ஸ் அரை மணிக்குள் முடிந்தது, அதில் டெரிக் எடுத்தது மூன்று. வீட்டிலேயே இயந்திரத்தின் எண்ணை மாற்றிக்கொண்டு போங்கள். இன்னொருவரின் இயந்திரத்தை இழுக்கக் கிடைத்தால் வளைவில் மெதுவாகப் போங்கள். முன்னால் பார்க்க வேண்டாம், பின்னால் வருவதைப் பாருங்கள்.