சுறா உறுமிய காலை

அத்தை வீட்டு ரிமோட்டுக்குப் பாலிதீன் உறை உண்டு. உப்புக்காற்றில் பொத்தான்கள் இறுகிவிடும் என்று, வாங்கிய அன்றே உறையிட்டு ரப்பர் வளையம் மாட்டிவிடுவார். ஒலியைக் குறைக்கும் பொத்தானின் மேல் மட்டும் அந்த உறை எப்போதும் தேய்ந்து கிழிந்திருக்கும்.

பள்ளி விடுமுறைகளில் நான் இராமேஸ்வரத்தில் அத்தையிடம் இருப்பேன். மாமா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். தொலைக்காட்சிக்கென்றே குறைந்த செலவில் எடுத்து, அவசரத் தமிழில் குரல் கொடுத்த அயல்நாட்டு மிருகப் படங்கள் என்றால் அத்தைக்கு உயிர். ராட்சச முதலை, இரட்டைத் தலைப் பாம்பு, எல்லாவற்றுக்கும் மேலாகச் சுறா. அந்தச் சுறா சிங்கத்தைப் போல உறுமும். "கருவாடு மாதிரி வெறச்சுக் கெடக்கு, இதுல உறுமல் வேற" என்று சிரிப்பார். கடலுக்கு ஆளை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் வீட்டில் இந்தப் படங்களுக்கு என்ன வேலை என்று பின்னாளில் யோசித்திருக்கிறேன். அவற்றில் அச்சத்துக்கு ஓர் எல்லை இருந்தது. யாரைக் கடிக்கப்போகிறது என்பது முன்பே தெரிந்துவிடும். விளம்பரம் வந்தால் மிருகமும் பொறுத்திருக்கும். உலையில் சோறு வேகுமுன் செத்தும் போகும்.

ஒரு நாள் காலை, படத்தில் ஒருவன் மனைவியிடம் "நான் போகிறேன், அன்பே" என்று சொல்லிவிட்டுப் படகேறினான். எங்கள் பக்கத்தில் கடலுக்குக் கிளம்பும் ஆள் "வாரேன்" என்றுதான் சொல்வார். "போறேங்கிறான் பாரு, கூறுகெட்டவன். இவன் தொலஞ்சான்" என்றார் அத்தை. சொன்னபடியே சுறா படகை முட்டியது. அந்த நேரத்தில்தான் மாமா கிளம்பினார். வாசலில் நின்று ஏதோ சொன்னார், உறுமலில் கேட்கவில்லை. அத்தை திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் தலையாட்டினார்.

மறுநாள் விடியலில் கரைசேர வேண்டிய படகு சேரவில்லை. உடன் சென்ற படகுகளெல்லாம் திரும்பிவிட்டன. அத்தை அக்கா முறை வைத்து அழைக்கும் பக்கத்து வீட்டு ராத்தா ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவுக வாரேன்னாகளா, போறேன்னாகளா? எனக்குக் கேக்கவே இல்லையே ராத்தா."

"வாரேன்னுதான் சொல்லியிருப்பாரு. அல்லா இருக்கான், பதறாத."

முந்தைய நாள் படத்தை மறுநாள் அதே வேளையில் மீண்டும் போடுவது அந்தச் சேனலின் வழக்கம். அத்தை எழுந்துபோய்த் தொலைக்காட்சியைப் போட்டார். "இந்த நேரத்துல என்னத்தா படம்?" என்று ராத்தா திகைத்தார். சுறா படகை முட்டும் இடம் வந்ததும், அத்தை ரிமோட்டை அழுத்தி ஒலியை முழுவதும் குறைத்தார். பிறகு வாசல் பக்கம் காதைச் சாய்த்தார். முந்தைய நாள் அந்த உறுமலுக்கு அடியில் புதைந்துபோன சொல் இப்போது கேட்டுவிடும் என்பதுபோல இருந்தது அவர் முகம். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசலையே பார்த்தேன். அங்கே வெயில் மட்டும் கிடந்தது.

மதியத்தில் மாமா வந்தார். நடுக்கடலில் இன்ஜின் நின்றுவிட, பாம்பன் படகொன்று கட்டி இழுத்து வந்திருக்கிறது. அத்தை தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

"நேத்து வாசல்ல நின்னு என்ன சொன்னீக?"

மாமா நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "ஏ புள்ள, அந்தச் சுறாவுக்கு வாலு கழண்டு தொங்குது, நல்லாப் பாருன்னேன்."

ராத்தாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அத்தை மாமாவின் தோளில் கிடந்த ஈரத் துண்டை உருவி அவரை ஓர் அடி அடித்தார். பிறகுதான் அழுதார்.

மாமா இப்போது கடலுக்குப் போவதில்லை. இருவரும் அருகருகே அமர்ந்து அதே வகைப் படங்களைப் பார்க்கிறார்கள். இப்போதைய சுறாக்கள் கணினியில் வரையப்படுகின்றன. எதற்கும் வால் கழல்வதில்லை என்பது மாமாவின் மனக்குறை. சென்ற ஞாயிறு அவர்களைப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன். செருப்பை மாட்டும்போது உள்ளே உறுமல் சட்டென்று நின்றது. அத்தை ரிமோட்டைக் கையில் பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், திரையில், சுறா ஓசையின்றி வாயைத் திறந்து திறந்து மூடியது.

"வாரேன் அத்தை" என்றேன்.

"ம், வா" என்றார். சுறா மறுபடி உறுமத் தொடங்கியது.