பூட்டியவர் கையெழுத்து

சாவிக்காரம்மாவுக்குத் தொழில் வந்ததே கோபத்தில்தான். கல்யாணமான மூன்றாம் நாள் துணிப்பெட்டியின் சாவியைத் தொலைத்துவிட்டு, பேருந்து நடத்துநரான கணவர் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு வந்தார். "எதுக்கெடுத்தாலும் உடைக்கிறதுதானா?" என்று சீறியவள், கொண்டை ஊசியை வளைத்துக் கால் மணி நேரத்தில் பெட்டியைத் திறந்துவிட்டாள். அன்று பிடித்த பித்து. கடைத்தெரு நடைபாதையில் அவள் பெட்டிக்கடை போட்டு இருபத்திரண்டு வருடமாகிறது.

அவள் பையில் எப்போதும் ஒரு நீல நோட்டு உண்டு. பூட்டு யாருடையது, ஏன் திறக்க வேண்டும், சாவி என்ன ஆயிற்று என்ற மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போடாதவரின் பூட்டை அவள் தொடமாட்டாள், கொம்பனாக இருந்தாலும் சரி. அப்படித் தொட்டாலும் முதலில் கம்பிதான். கம்பிக்கு மசியாத பூட்டுக்குத்தான் ரம்பம்.

கடை வாசலில் சாக்கடை மூடி உடைந்து மூன்று மாதமாயிற்று. நகராட்சிக்கு நாலு மனு கொடுத்தாள். செவிடன் காதில் ஊதிய சங்கு. பிறகு கடைமுன் ஒரு கரும்பலகை தொங்கியது: "இதுவரை விழுந்தவர்கள்: 5. மூடி போடாதது: நகராட்சி." ஆறாவது ஆள் விழுந்த அன்று எண்ணை மாற்றினாள். மறுநாள் காலை வந்து பார்த்தால் இரும்புக்கதவின் நடுவில் புதிதாகக் கொக்கி அடித்து, அதில் ஒரு பித்தளைப் பூட்டு. பக்கத்தில் "நடைபாதைக்கு இடையூறு" என்று நகராட்சியின் காகிதம். அந்த வரிசையில் பன்னிரண்டு பெட்டிக்கடைகள். இடையூறு செய்தது அவள் கடை மட்டும்தானாம்!

"உனக்கு ரெண்டு நிமிஷ வேலை. ராவோட ராவா தொறந்துட்டு பேசாம இரேன்" என்றார் கணவர்.

"அவங்க பூட்டை நான் ஏங்க திருட்டுத்தனமா தொறக்கணும்? நான் என்ன திருடியா? பூட்டினவங்களே வந்து தொறக்கணும்."

அக்கா மகள் வக்கீல். சித்தியின் வழக்கென்று சும்மா எடுத்தாள். ஆனால் சும்மா நடத்தவில்லை. இரண்டு மாதம் இழுத்தது. அதுவரை சாவிக்காரம்மா வீடு வீடாகப் போய்ப் பூட்டுத் திறந்தாள். பிழைப்பு பாதியானது, வாய் மட்டும் குறையவில்லை.

நீதிமன்றத்தில் நீதிபதி அம்மா அரசு வக்கீலைக் கேட்டார்: "எந்தச் சட்டம் உங்களுக்கு இந்த அதிகாரத்தைக் குடுக்குது? எதுக்காகப் பூட்டினீங்க? அதுக்குப் பூட்டைத் தவிர வேற வழியே இல்லையா?"

பின்வரிசையில் சாவிக்காரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். 'அட, நம்ம நோட்டுல கேக்கிற மாதிரியே கேக்குறாங்களே!'

"பூட்டுறதுக்கு ஏழு நாள் முன்னாடியே நோட்டீஸ் ஒட்டினோம். அவங்க பதில் சொல்லல. படம் இருக்கு" என்று அரசு வக்கீல் ஒரு புகைப்படத்தை நீட்டினார். அதன் பிரதி அக்கா மகள் கைக்கு வந்தது. சாவிக்காரம்மா எட்டிப் பார்த்தாள். அடுத்த நொடி சிரிப்பு வந்தது.

"அடியே, படத்துல நோட்டீஸுக்குப் பக்கத்துல பாரு. நான் பூட்டுறது கதவுக்குக் கீழ, ரெண்டு ஓரத்துல. நடுவுல தொங்குதே, அது அவங்க பூட்டு. ஏழு நாள் முன்னாடி எடுத்த படத்துல அது எப்படி வந்துச்சு?"

அக்கா மகள் எழுந்து அதையே சொன்னாள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, படத்தை மறுபடி பார்த்தார். அரசு வக்கீல் கோப்பைப் புரட்டினார், புரட்டினார், புரட்டிக்கொண்டே இருந்தார்.

தீர்ப்பு நீளமானது. அவள் மனதில் நின்றது இவ்வளவுதான்: நடைபாதையைக் காக்க நகராட்சிக்கு அதிகாரம் உண்டு. ஆனால் ஒருவர் சொல்வதைக் கேட்காமல் அவர் பிழைப்பைப் பூட்ட அதிகாரம் இல்லை. ஒரே மாதிரி இருக்கும் பன்னிரண்டு கடைகளில் ஒன்றை மட்டும் பொறுக்கி எடுப்பது சமநீதி இல்லை. கடையைத் தள்ளி வைக்கச் சொன்னால் போதும் என்ற இடத்தில் பூட்டுத் தேவையில்லை. குறை எழுதிய பலகைதான் உண்மைக் காரணமென்றால், அது பேச்சுரிமைக்கே போட்ட பூட்டு. பூட்டிய அதிகாரியே நாளைக்குள் நேரில் போய்த் திறக்க வேண்டும்.

மறுநாள் அதிகாரி வந்தார். தெருவே கூடிவிட்டது. அவர் சட்டைப்பையைத் துழாவினார், கைப்பையைக் கவிழ்த்தார். முகம் வெளிறியது.

"சாவிய... ஆபீஸ்ல எங்கயோ வெச்சிட்டாங்க போல. நீங்களே தொறந்துடுங்களேன்மா."

பதினோரு கடைக்காரர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பையிலிருந்து நீல நோட்டை எடுத்து நீட்டினாள்.

"எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார்."

"நான் அரசாங்கம்மா!"

"அதனாலென்ன? எல்லாருக்கும் ஒரே நோட்டுதான்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு நின்றபடியே எழுதினார். பூட்டு: நகராட்சியுடையது. காரணம்: நீதிமன்ற உத்தரவு. சாவி: தொலைந்துவிட்டது. கீழே கையெழுத்து, பதவியோடு.

கம்பி உள்ளே போன வேகத்தில் பூட்டு வாயைப் பிளந்தது. அவள் அதைத் துடைத்து அவர் கையில் கொடுத்தாள். கதவைத் திறந்து, உள்ளே இரண்டு மாதத் தூசியிலிருந்து கரும்பலகையை எடுத்தாள். ஆறை அழித்துவிட்டு ஒன்பது என்று பெரிதாக எழுதி, பழைய ஆணியிலேயே மாட்டினாள்.

அதிகாரி பூட்டைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். திரும்பி நடந்தார்.

"பாத்து, சார்!" என்று குரல் கொடுத்தாள் சாவிக்காரம்மா. "மூடி இன்னும் போடல. பத்தாவது ஆளா நீங்க விழுந்தாலும் எழுதித்தான் வைப்பேன்."