ரிவர்ஸ் அக்கா போட்ட வெளிச்சம்

பணிமனையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ரிவர்ஸ் அக்கா என்றால்தான் தெரியும். நாற்பது அடி பேருந்தை, இரண்டு பக்கமும் ஒரு முழம்கூட மிச்சமில்லாத இடத்துக்குள் பின்பக்கமாக ஒரே மூச்சில் கொண்டுபோய் நிறுத்துவாள். நிறுத்திவிட்டு, சரியாக நின்றிருக்கிறதா என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் டீ குடிக்கப் போய்விடுவாள்.

அதற்கு முன் அவள் சட்டை தைக்கும் ஆலையில் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தவள். ஆலையை மூடியபோது அவளுக்கு வயது முப்பத்தொன்று. பேருந்து ஓட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஏற்கனவே சரக்கு வேன் ஓட்டிப் பழகியிருந்த தைரியத்தில் மனு போட்டாள். தேர்வுக்கு வந்த பதினெட்டுப் பேரில் அவள் ஒருத்திதான் பெண். இரும்புப் பீப்பாய்களை இரண்டு வரிசையாக நிறுத்தி, நடுவில் பின்பக்கமாக ஓட்டச் சொன்னார்கள். தேர்வு நடத்தியவர் நல்ல மனதோடுதான் கேட்டார்.

"உங்களுக்கு மட்டும் வேணும்னா ரெண்டு பீப்பாயைத் தள்ளி வைக்கச் சொல்லட்டுமாம்மா?"

"வேண்டாம் சார். தள்ளி வச்சா, தள்ளி வச்சுத்தான் பாஸானேன்னு காலம் பூரா சொல்வாங்க."

எந்தப் பீப்பாயிலும் படாமல் வெளியே வந்தாள். அன்றிலிருந்து இருபத்திரண்டு வருஷம் ஆகியும் அவள் ஓட்டிய வண்டியில் ஒரு கீறல் கிடையாது. அந்தக் கணக்கை அவள் யாரிடமும் பீற்றிக்கொண்டதில்லை. ஆனால் மனசுக்குள் வெள்ளிப் பாத்திரம் மாதிரி அடிக்கடி எடுத்துத் துடைத்து வைத்துக்கொள்வாள்.

வாடகை வீடு வாடகை வீடாக மாறி மாறி, ஒருவழியாகச் சொந்த வீடு வாங்கினார்கள். கேட்டிலிருந்து கார் ஷெட் வரை ஐம்பதடி வண்டிப்பாதை. லேசான ஏற்றம், நடுவில் ஒரு வளைவு, ஒரு பக்கம் ஆளுயரச் சுவர். வீட்டைப் பார்க்கப் போனபோது கணவர் சமையலறையைப் பார்த்தார், அவள் பாதையைப் பார்த்தாள். "இதுல ரிவர்ஸ் எடுக்கறதுக்கே வாங்கலாம்" என்றாள். விடிவதற்கு முன்பே வேலைக்குக் கிளம்புகிறவள் ஆகையால், காரின் மூக்கு எப்போதும் தெருவைப் பார்த்து நிற்க வேண்டும் அவளுக்கு.

வீட்டுக்குக் குடிவந்த வாரம் தம்பி ஒரு பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தான். எதை வாங்கினாலும் இருப்பதில் பெரியதாக வாங்குவது அவன் வழக்கம். உள்ளே விளையாட்டு மைதானத்துக்குப் போடுகிற மாதிரி ஒரு எல்இடி ஃபோகஸ் விளக்கு. நூறு வாட்டு. கார் ஷெட்டின் நெற்றியில், தெருவைப் பார்த்து அவனே மாட்டிக் கொடுத்தான். சுவிட்சைப் போட்டதும் தெருக்கோடி வரை வெள்ளை வெளேரென்று ஆனது.

"எப்படிக்கா? கீழ ஊசி விழுந்தாக்கூடப் பொறுக்கலாம்."

அவளுக்கும் சந்தோஷம்தான். உழைத்து வாங்கிய வீடு ஊருக்கே தெரிகிறதே என்று ஒரு நிறைவு.

நான்கு மாதம் கழித்து ஒரு நாள் சாயங்காலம், இருட்டிய பிறகு வேலையிலிருந்து வந்தாள். வழக்கம்போலக் காரைத் திருப்பிப் பின்பக்கமாக ஏற்றினாள். மூன்று கண்ணாடியிலும் அந்த விளக்கு சுண்ணாம்பு அடித்தது போல நிறைந்திருந்தது. பாதை பழக்கமான பாதை, கை தானாகப் போயிற்று. ஷெட்டுக்கு மூன்றடி முன்னால் பின்பக்கத்தில் யாரோ தொப்புத் தொப்பென்று தட்டினார்கள். சக்கரத்தின் கீழ் எதுவோ நொறுங்கியது.

இறங்கிப் போய்ப் பார்த்தாள். கணவர் சுவரோடு சுவராக ஒட்டி நின்றுகொண்டிருந்தார். செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர். அவர் கையிலிருந்த பூவாளி சப்பட்டையாகக் கிடந்தது.

அவர் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறவர். நாள் முழுக்க இயந்திர இரைச்சலில் இருந்து காது மந்தமாகிவிட்டதால், கார் வந்த சத்தம் அவர் காதில் விழவில்லை. முகம் வெளுத்திருந்தாலும் வாய் மட்டும் மாறவில்லை.

"வாளி போச்சு, ஆள் இருக்கேன். விடு."

அவள் விடவில்லை. அன்று சாப்பிடவும் இல்லை. "உங்களை நான் பார்க்கவே இல்லைங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். "யானைக்கும் அடி சறுக்கும்மா" என்றார் அவர். "யானை சறுக்கினா யானைக்குத்தான் அடி. டிரைவர் சறுக்கினா அடுத்தவங்களுக்கு" என்றாள்.

மறுநாள் விளக்கைப் போட்டுவிட்டு, கணவரை அதே இடத்தில் நிற்கச் சொல்லி, அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தாள். கண்ணாடியில் வெறும் வெள்ளை. அதன் அடியில், அவர் நிற்கிற இடத்தில், கரி பூசின மாதிரி இருட்டு. ஃபோகஸ் விளக்கு தெருவுக்கு வெளிச்சம் போட்டதே தவிர, அதன் காலடியில் நிற்கிற ஆளைக் காட்டவில்லை. வெளுத்ததெல்லாம் பால் என்று இத்தனை நாள் நம்பியிருந்தது புரிந்தது.

தெருவில் இறங்கி நின்று பார்த்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. எதிர்வீட்டு மாடி ஜன்னலில் அட்டை ஒட்டியிருந்தது. அங்கே இருப்பவர் ரொட்டி சுடுகிறவர். பின்னிரவில் எழுந்து அடுப்பு மூட்டப் போக வேண்டும் என்பதால் ஏழு மணிக்கே படுத்துவிடுவார். அடுத்த விடுமுறை நாளில் அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அண்ணே, அந்த அட்டை எங்க விளக்குக்காகவா?"

அவர் நெளிந்தார். "புது வீடு, ஆசையாப் போட்டிருக்கீங்க. போய் எப்படிச் சொல்றதுன்னு..."

"நாலு மாசமாவா தூங்காம இருக்கீங்க?"

"அட்டை போட்டப்புறம் பரவாயில்லம்மா. காத்துதான் வராது."

இருட்டியதும் மாடி ஏறி, ஜன்னல் அட்டையை விலக்கி, அவர் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று, தன் வீட்டைத் தானே பார்த்தாள். கணவர் அங்கேயிருந்து சுவிட்சைப் போட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அன்றே அந்த விளக்குக்கு ஓய்வு கொடுத்தாயிற்று.

விளக்குக் கடையில் இருந்த பெண், மூக்குக்கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிக்கொண்டு, "எத்தனை வாட்டு வேணும்?" என்றுதான் முதலில் கேட்டார்.

"வாட்டு எனக்குத் தெரியாதுங்க. வெளிச்சம் நல்லா வேணும், ஆனா தரையில விழணும். என் கண்ணுலயும் விழக்கூடாது, எதிர்வீட்டுலயும் விழக்கூடாது."

கடைக்காரப் பெண் உட்கார ஸ்டூலை இழுத்துப் போட்டார். "இப்படிக் கேக்கறவங்க வருஷத்துக்கு ரெண்டு பேர்தான் வர்றாங்க" என்றார். பிறகு பெட்டியைத் திருப்பிக் காட்டினார். "வாட்டுங்கறது விளக்கு சாப்பிடற சாப்பாடு. லூமன்னு போட்டிருக்கு பாருங்க, அது விளக்கு செய்யற வேலை. வாங்கும்போது லூமனைப் பாருங்க."

"சாப்பாட்டை வச்சு ஆளை எடை போடக்கூடாதுங்கறீங்க. என் தம்பியைப் பார்த்தவளுக்கு அது நல்லாவே தெரியும்."

நீலம் தட்டுகிற வெள்ளை, மஞ்சள், இரண்டுக்கும் நடுவில் ஒன்று என்று மூன்றையும் போட்டுக் காட்டினார். அவள் தன் நீல யூனிஃபார்ம் கையை ஒவ்வொன்றின் கீழும் நீட்டிப் பார்த்தாள். நடுவில் இருந்ததில்தான் துணி துணியாகவும் தோல் தோலாகவும் தெரிந்தது. மழையும் தூசியும் உள்ளே போகாதபடி மூடியிருக்கிறதா, ஆள் நடந்தால் தானே எரிகிற சென்சாரை எவ்வளவு தூரத்துக்கு வைக்கலாம் என்று குடைந்து குடைந்து கேட்டாள். கடைசியில் ஆறு விளக்குகளை, சரிப்படாவிட்டால் திருப்பித் தருகிறேன் என்ற பேச்சோடு எடுத்து வந்தாள்.

அதற்கப்புறம் ஒரு வாரம் கணவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. இருட்டியதும் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு பாதையில் நிற்க வேண்டும். அவள் காரில் உட்கார்ந்து, "இன்னும் ரெண்டடி இடது பக்கம்", "குனிஞ்சு நில்லுங்க", "குழந்தை உயரத்துக்கு உக்காருங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். அவர் தெரியாத இடத்தில் எல்லாம் இறங்கிச் சாக்கட்டியால் தரையில் வட்டம் போடுவாள். மறுநாள் விளக்கை ஏணியில் கட்டி, துடைப்பக் கம்பில் கட்டி, இடம் மாற்றி மாற்றிப் பார்ப்பாள்.

"என்னைக் கட்டிக்கிட்டப்பகூட நீ இவ்வளவு யோசிக்கலையே" என்றார் அவர், சுவரோரம் குந்தியபடி.

"உங்களை ஒரே பார்வையில தெரிஞ்சுதே. இங்கதான் தெரிய மாட்டேங்குது. நகருங்க."

தரையில் வட்டமே இல்லாமல் போன நாளில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டாள். ஷெட் கதவின் இரண்டு பக்கமும் மேலே மூடி வைத்த விளக்கு ஒவ்வொன்று, வெளிச்சம் நேராகக் கீழே இறங்கும்படி. சுவர் ஓரமாக முழங்கால் உயரத்தில் மூன்று. வளைவில் சென்சாரோடு ஒன்று. ஆறும் சேர்ந்து சாப்பிடுவது தம்பியின் விளக்கில் பாதிகூட இல்லை. ஆனால் கேட்டிலிருந்து கதவு வரை தரை பளிச்சென்று கிடந்தது, உதிர்ந்த இலையை எண்ணலாம். எதிர்வீட்டு ஜன்னலில் அட்டை கழன்றது. மறுநாள் காலை கேட்டில் ஒரு பை சூடான ரொட்டி தொங்கியது.

தம்பி வந்து பார்த்தபோது அவனுக்கு முகம் சுண்டிப் போயிற்று. "என் விளக்கு பகல் மாதிரி இருந்துச்சேக்கா."

"பகல்ல சூரியன் கண்ணுக்கு நேரா வந்து நிக்குதாடா? தலைக்கு மேலதானே நிக்குது?"

அவன் காரில் ஏறி, தானே ஒரு தடவை பின்பக்கமாக ஓட்டிப் பார்த்தான். இறங்கி வந்து, "மாமா செருப்பு போடாம நிக்கறது வரைக்கும் தெரியுது" என்றான்.

இத்தோடு நின்றிருந்தால் ஒரு வீட்டுக் கதையாகப் போயிருக்கும். பணிமனை முற்றத்திலும் இதே கோளாறுதான் என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நுழைவாயிலில் உயரமான கம்பத்தில் நான்கு ராட்சத விளக்குகள். மாதத்துக்கு இரண்டு மூன்று பேருந்துகளில் பக்கக் கண்ணாடி உடையும். உடைத்தவருக்குத்தான் விளக்கக் கடிதம் கேட்டு ஓலை வரும். யாரும் விளக்கைச் சந்தேகப்பட்டதில்லை. அவள் மேலாளர் அறைக்குப் போய்ச் சொன்னாள்.

"லைட்டு போட்டவங்க படிச்சுட்டுத்தானேம்மா போட்டிருப்பாங்க" என்றார் மேலாளர்.

"படிச்சவங்கதான் சார். ஆனா அவங்க அண்ணாந்து பார்த்துப் போட்டிருக்காங்க. நாங்க கண்ணாடியில பார்க்கறோம். பத்து நிமிஷம் என் கூட வாங்க."

இருட்டியிருந்தது. அவரைப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தாள்.

"கண்ணாடியைப் பாருங்க சார். பின்னாடி எத்தனை பேர் நிக்கறாங்க?"

அவர் உற்று உற்றுப் பார்த்தார். "ஒருத்தர்."

"இறங்கி வந்து பாருங்க."

நான்கு பேர் நின்றிருந்தார்கள். அதில் முற்றம் கூட்டுகிற அம்மாவும் ஒருவர், துடைப்பத்தோடு. மேலாளர் அந்த அம்மாவிடம் போய், "தினமும் இங்கதான் கூட்டுவீங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க, வண்டி வந்தா நான்தான் ஒதுங்கிக்குவேன்" என்றார் அவர்.

அடுத்த மாதமே ஒப்பந்தக்காரர் வந்தார், கையில் வரைபடச் சுருளோடு. அவள் சாக்கட்டியோடு நின்றாள். முதல் நாள் அவர் சிரித்தார். இரண்டாம் நாள் அவள் வட்டம் போட்ட இடங்களைத் தன் வரைபடத்தில் குறித்துக்கொண்டார். மூன்றாம் நாள், "அக்கா, இந்த மூலைக்கு என்ன பண்ணலாம்?" என்று கேட்டார். விளக்குகள் கம்பத்திலிருந்து இறங்கி, கூரை ஓரங்களிலும் சுவர் ஓரங்களிலும் தரையைப் பார்த்துக் குடியேறின. அதன் பிறகு எட்டு மாதம் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. வேலை முடிந்த வரைபடத்தை அலுவலகச் சுவரில் மாட்டியபோது, ஓரத்தில் ஒப்பந்தக்காரர் பெயருக்குக் கீழே அவள் பெயரும் இருந்தது. முழுப் பெயர். பாதிப்பேருக்கு அது யாரென்றே தெரியவில்லை. முற்றம் கூட்டுகிற அம்மாதான் ஒவ்வொருவராக நிறுத்தி, "நம்ம ரிவர்ஸ் அக்காதான்" என்று விளக்கம் சொன்னார்.

போன மாதம் பக்கத்து ஊர்ப் பணிமனையிலிருந்து கூப்பிட்டார்கள். அங்கேயும் முற்றத்துக்கு விளக்கு மாற்றப் போகிறார்களாம், வந்து ஒரு பார்வை பார்த்துச் சொல்ல முடியுமா என்று. அவளுக்கு அன்று வாராந்திர விடுமுறை. இருந்தாலும் யூனிஃபார்மை எடுத்து, மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"லீவு நாள்ல எதுக்கு யூனிஃபார்ம்? நல்ல சேலை ஒண்ணு எடுத்துக் கட்டிக்கிட்டுப் போகலாமே" என்றார் கணவர்.

"டிரைவர்னுதானேங்க கூப்பிட்டிருக்காங்க" என்றாள் அவள். காலரைத் திருப்பிப் போட்டு, அதையும் ஒரு தடவை நன்றாக அழுத்தித் தேய்த்தாள்.