திரைக்குப் பின்னாலிருந்து பார்த்த ராஜா

இலங்கை மலையகத்தில், வட்டகொடைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் லயத்திலிருந்து வந்து ஐந்தாம் வகுப்பு படித்த பூரணிக்கு இடது கைதான் வாகு. அவள் எழுதத் தொடங்கினாலே தம்பையா வாத்தியார் பென்சிலைப் பிடுங்கி வலது கையில் திணிப்பார். அந்தக் கையில் எழுத்து கோணும். அதற்கும் அடி விழும்.

1957-இல் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்கு முன்னால் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி ஒரு ராஜா படம் காட்டினார்கள். மறுநாள் அதைப் பற்றி எழுதச் சொன்னார் வாத்தியார்.

பூரணி எழுதினாள்: "ராஜா நொட்டாங்கையால்தான் கத்தி வீசினார். ஓலையும் அதே கையால்தான் எழுதினார். யாரும் அவரை அடிக்கவில்லை. நான் பார்த்ததிலேயே நல்ல படம் இதுதான்."

வாத்தியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீ திரைக்குப் பின்னால உக்காந்திருக்க. அங்கேருந்து பாத்தா வலது கை இடது கையாத்தான் தெரியும்."

"எங்க லயத்து ஆளுங்க எல்லாருமே பின்னாலதான் சார் இருந்தோம். முன்னால உங்களுக்கெல்லாம் நாற்காலி போட்டிருந்தாங்க."

அவருடைய சிரிப்பு அடங்கிவிட்டது. அடுத்த மாதம் வேறொரு ராஜா படம் வந்தபோது அவளைக் கூப்பிட்டுத் தன் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார். கொஞ்ச நேரம் பார்த்தவள், எழுந்து பின்பக்கம் போய்விட்டாள்.

மறுநாள் வகுப்பில் எழுதினாள்: "முன்னால் இருந்த வரைக்கும் படம் சுமார்தான். பின்னால் போன பிறகு நன்றாகிவிட்டது."

எழுதும்போதே பென்சில் முனை ஒடிந்தது. பக்கத்தில் நின்ற வாத்தியார் அதை வாங்கிச் சீவினார். பிறகு அவள் இடது கையில் கொடுத்தார்.