குன்றுக் குரங்குகளும் எங்கள் வீட்டு எலுமிச்சைச் சாதமும்

1. முதல் குத்து

மயக்க ஊசி போட்டுப் படுக்க வைத்திருந்த குரங்கிடம், "காலையில எதுவும் சாப்பிடலைல்ல?" என்று கேட்டுத்தான் என் ஆராய்ச்சி வாழ்க்கையைத் தொடங்கினேன்.

என்னைச் சொல்லிக் குற்றமில்லை. கீரனூரில் ஒரு கிளினிக்கல் லேபில் வருஷக்கணக்காக மனிதர்களுக்கு ரத்தம் எடுத்தவன் நான். ஊசியைக் கையில் எடுத்தால் வாய் தானாக அந்தக் கேள்வியைக் கேட்டுவிடும். வனத்துறைக் கால்நடை மருத்துவர் மாஸ்க்குக்குள் சிரித்தார். குரங்குக்குக் கையில் நரம்பு தேடக் கூடாது, தொடையில்தான் எடுக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். எடுத்து முடித்துப் பஞ்சை அழுத்திவிட்டு, "காலை மடக்கி வச்சுக்கங்க" என்றும் சொன்னேன். மரியாதையில் குறை வைக்கவில்லை.

லேப் மூடப்பட்டதும் திருச்சியில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் டெக்னீஷியன் வேலை கிடைத்திருந்தது. தினமும் பஸ்ஸில் போய் வருவேன். பக்கத்து சீட்டுக்காரர் என்ன வேலை என்று கேட்டால் "ரிசர்ச்" என்பேன். எதில் என்று கேட்டால் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன்.

2. டேப் ஒட்டிய சுவிட்சுகள்

அந்த ரிசர்ச் என்னவென்று எனக்கு விளங்க வைத்தவள் ஸ்டெல்லா. ஆவூர்ப் பெண், வாத்தியார் மகள். எங்கள் பேராசிரியை அம்மாவிடம் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தாள். ரத்தம் எடுப்பது என் வேலை, அதை வைத்துத் தீஸிஸ் எழுதுவது அவள் வேலை.

கல்யாண மண்டபத்து சுவிட்ச் போர்டை வைத்துத்தான் அவள் சொன்னாள். ஒரே கான்ட்ராக்டர் கட்டிய இரண்டு மண்டபங்களில் வயரிங் ஒன்றாகவே இருக்கும். ஆனால் எந்த சுவிட்சை யாரும் தொடக் கூடாது என்று டேப் ஒட்டி வைத்திருக்கிறார்கள் என்பது மண்டபத்துக்கு மண்டபம் மாறும். வயரிங்தான் ஜீன். அதன் மேல் ஒட்டும் மீத்தைல் குறிகள்தான் டேப். ஜீனின் எழுத்து மாறாமலே, எது வேலை செய்ய வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்பதை அந்தக் குறிகள் மாற்றிவிடும்.

"டேப்பை யாரு ஒட்டுனாங்கங்கிறதுதான் சார் என் கேள்வி. பரம்பரை ஒட்டுனதா, இடமும் தீனியும் ஒட்டுனதா, இல்ல ரெண்டும் சேந்து ஒட்டுனதா?"

அதற்கு ஏற்ற குரங்குகள் எங்கள் மாவட்டத்திலேயே இருந்தன. திருமயம் கோட்டைப் பக்கம் நாட்டுக் குரங்குகளின் தொல்லை தாங்காமல் கடைக்காரர்கள் மனு கொடுக்க, சில வருஷங்களுக்கு முன் பாதிக் கூட்டத்தைப் பிடித்துக் கீரனூருக்குத் தெற்கே ஒரு பாறைக்குன்றில் விட்டிருந்தார்கள். அம்மா கோட்டையில், மகள் குன்றில் என்று குடும்பங்கள் பிரிந்துவிட்டன. கோட்டைக் குரங்குக்கு பஸ் நிற்கும் இடத்தில் பிஸ்கட்டும் முறுக்கும். குன்றுக் குரங்குக்கு ஆலம்பழமும் இலையும் பூச்சியும். ரத்தம் ஒன்று, சாப்பாடு வேறு.

முதல் சாம்பிளில் இரண்டு கூட்டத்துக்கும் குறிகள் நன்றாகவே வேறுபட்டிருந்தன. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வீட்டில் என் மனைவி வள்ளிக்கண்ணுவிடம், ஏதோ நானே கண்டுபிடித்தது போலச் சாப்பாட்டு நேரமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

3. ஜாங்கிரி

ஒரு வருஷம் கழித்து அதே குரங்குகளிடம் இரண்டாவது சாம்பிள் எடுத்தோம். ரிசல்ட் வந்த அன்று ஸ்டெல்லா என்னிடம் நேரே வராமல் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கடைசியில், குன்றுக் குரங்குகளின் குறிகள் கோட்டைக் குரங்குகளைப் போலவே இருக்கின்றன, ட்யூபில் ஏதாவது மாறியிருக்குமா சார் என்று மெதுவாகக் கேட்டாள்.

எனக்கு வந்ததே கோபம். ஊசி குத்துவதற்கு முன்பே லேபிள் ஒட்டுகிறவன் நான். கீரனூரில் ஒரே பெயர், ஒரே இன்ஷியல் உள்ள மூன்று பேருக்கு ஒரே காலையில் சர்க்கரை பார்த்தும் ரிசல்ட்டை மாற்றிக் கொடுக்காதவன். அந்தக் கதையை அன்று லேபில் எல்லோருக்கும் சொன்னேன். கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

பேராசிரியை அம்மா சத்தம் போடவில்லை. ஜீன் எழுத்தை முதல் சாம்பிளோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். பார்த்தார்கள். ஒவ்வொரு குரங்குக்கும் எழுத்து அச்சாகப் பொருந்தியது. எந்த ட்யூபும் மாறவில்லை. நான் அரைக்கிலோ ஜாங்கிரி வாங்கி வந்து லேப் முழுவதும் கொடுத்தேன். எனக்கு நானே பாராட்டு விழா நடத்திக்கொண்டது அதுதான் முதல் தடவை.

ஸ்டெல்லா ஜாங்கிரியைத் தொடவில்லை. சாயங்காலம் ஆவூருக்குப் போகாமல் என்னோடு கீரனூர் வரை பஸ்ஸில் வந்தாள், மறுநாள் குன்றைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று. இறங்கி நின்றபோது சொன்னாள்.

"ட்யூப் மாறலைன்னா கொரங்குதான் சார் மாறியிருக்கு. ஏன் மாறுச்சுன்னு தெரியாம நான் எதை எழுதுறது? ஃபெலோஷிப்பு முடியப் போகுது. இதோட வீட்டுல இருங்கிறாரு அப்பா."

கண் கலங்கியிருந்தது. அவள் படிப்பு ஆட்டம் காண்கிற நேரத்தில் என் பெயர் தப்பியதற்கு இனிப்புக் கொடுத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

4. சனிக்கிழமை

சனிக்கிழமை கால்நடை மருத்துவருக்கு லீவு என்பதால் நாங்கள் அந்த நாளில் குன்றுக்குப் போனதே இல்லை. அன்று திருச்சி லேபுக்குப் போவதாகத்தான் வீட்டில் நினைப்பு. குன்றுக்குப் போவதை நானும் சொல்லவில்லை. வள்ளிக்கண்ணு கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸோடு கிளம்பினேன். சனிக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் எலுமிச்சைச் சாதமும் சுண்டலும்தான்.

பாறைக்குப் பக்கத்தில் நானும் ஸ்டெல்லாவும் உட்கார்ந்திருந்தோம். எங்களைக் கண்டால் ஓடி ஒளிகிற கூட்டம், வெயில் ஏறியதும் தானாக இறங்கி ரோட்டோரம் வந்தது. எல்லாம் கீரனூர்ப் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தன. சற்று நேரத்தில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. பெண்கள் எவர்சில்வர் தூக்குகளோடு இறங்கினார்கள். முதலில் இறங்கியது வள்ளிக்கண்ணு.

ஒளிந்துகொள்ள ஒரு வேப்பமரம் இருந்தது. மரம் ஒல்லி, நான் அப்படியில்லை.

"நீங்க திருச்சிக்குப் போகலையா?" என்றாள்.

பிறகு எல்லாம் வெளியே வந்தது. முதல் சாம்பிள் எடுத்த நாட்களில் நான் வீட்டில் அளந்த கதைகளில் ஒன்று, குன்றுக் குரங்குகள் எலும்பும் தோலுமாகக் கிடக்கின்றன என்பது. உண்மையில் அவை திடமாகத்தான் இருந்தன. கதைக்குச் சுவை வேண்டுமே என்று சொன்னது. அதைக் கேட்டு மனசு கேட்காமல், சனிக்கிழமை ஆஞ்சநேயருக்கு விரதம் இருக்கும் எங்கள் தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, வாராவாரம் சோறு போடுவதாக நேர்ந்துகொண்டிருக்கிறாள். நேர்ந்துகொண்டதை வெளியே சொல்லக் கூடாதாம். ஒரு வருஷமாக எனக்குத் தெரியாது. பார்த்துப் பழகிய மற்றவர்களும் ரொட்டி, பழம் என்று மற்ற நாட்களிலும் கொண்டுவந்து போட ஆரம்பித்திருக்கிறார்கள்.

"வாயில்லாச் சீவன் பட்டினி கெடக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க. கண்ணுல தண்ணியே விட்டீங்க."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நேரம் அது. அதைச் சொல்லும் இடம் இதுவல்ல. என் கையில் இருந்த டிபன் பாக்ஸிலும் அதே எலுமிச்சைச் சாதம். கோட்டைக் கூட்டம், குன்றுக் கூட்டம், மூன்றாவது கூட்டமாக நான்.

ஸ்டெல்லா கோபப்படவில்லை. எப்போதிருந்து, என்னென்ன, யார் யார் என்று கேட்டுக்கொண்டாள். பாறையில் உட்கார்ந்து அதையெல்லாம் நோட்டில் எழுதினாள். அப்புறம் வள்ளிக்கண்ணுவின் கையைப் பிடித்தாள். குரங்கும் அதே, ஜீனும் அதே, சோறு மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. அந்தச் சோற்றை நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் எடுத்தால், எந்தக் குறி திரும்புகிறது, எது திரும்பவில்லை என்று தெரிந்துவிடும், அதனால் நிறுத்த வேண்டும் என்றாள்.

வள்ளிக்கண்ணு தூக்கைக் கீழே வைக்கவில்லை. நேர்ந்துகொண்டதைப் பாதியில் விட அவளுக்குப் பயம். எங்கள் இளைய மகனுக்கு வேலை கிடைத்ததே இந்த விரதத்தால்தான் என்று நம்புகிறவள். கூட வந்த பெண்களும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"நிப்பாட்டலைன்னா ஒன் படிப்பு நின்டுருமாம்மா?"

"நின்டுரும்மா."

வள்ளிக்கண்ணு குரங்குகளைப் பார்த்தாள், ஸ்டெல்லாவைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவே இல்லை.

"தண்ணி வைக்கலாமா?"

"தண்ணி வைங்கம்மா."

அன்றைய சோறு கீரனூர் ஆஞ்சநேயர் கோயில் வாசலில் பக்தர்களுக்குப் போனது. அடுத்த சனிக்கிழமை அதே ஆட்டோவில் தண்ணீர்க் குடங்கள் போயின. ரொட்டி போட வந்தவர்களை வள்ளிக்கண்ணுவே மறித்துத் திருப்பி அனுப்பினாள். குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள் என்று வனத்துறை வைத்த போர்டுக்கு இல்லாத மரியாதை அவளுக்கு இருந்தது.

5. வைவா

பேராசிரியை அம்மா எழுதிக் கேட்டதால் ஃபெலோஷிப்பை நீட்டித்தார்கள். மூன்றாவது சாம்பிளில் சில குறிகள் பழைய இடத்துக்கே திரும்பியிருந்தன. சில, சோறு வந்தாலும் போனாலும் அசையவில்லை; அவை கோட்டையிலுள்ள அம்மாவுக்கும் குன்றிலுள்ள மகளுக்கும் ஒன்றாகவே இருந்தன. இன்னும் சில, ஒரு குடும்பத்துக்கு மாறி, அதே சோற்றைத் தின்ற இன்னொரு குடும்பத்துக்கு மாறாமல் இருந்தன. டேப்பைப் பரம்பரையும் தீனியும் சேர்ந்துதான் ஒட்டுகின்றன என்று ஸ்டெல்லா எழுதினாள். சனிக்கிழமைச் சோற்றைப் பற்றியும் ஒளிக்காமல் ஒரு அத்தியாயம் எழுதினாள்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு வள்ளிக்கண்ணுவைக் கட்டாயம் கூட்டி வரச் சொன்னாள். எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. வள்ளிக்கண்ணு முன்வரிசையில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் ஸ்டெல்லா என்று கூப்பிட்டபோது எங்கள் இரண்டு பேருக்குமே கண் நிறைந்துவிட்டது. இந்தத் தடவை வெங்காயம் இல்லை.

டீ குடிக்கும்போது வள்ளிக்கண்ணு ஸ்டெல்லாவிடம் கேட்டாள்.

"ஒரு வருசம் சோத்தை மாத்துனா கொரங்கு ரத்தத்துலயே தெரியுங்கிற. முப்பது வருசமா இவருக்கு ஆக்கிப் போடுறேனே, ஒண்ணுமே மாறலையேம்மா?"

ஸ்டெல்லா என்னை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"சிலது அசையாதும்மா. தீஸிஸ்லயே எழுதியிருக்கேன்."

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இரண்டுதான். குத்துவதற்கு முன் லேபிள் ஒட்டுங்கள். ஒரு கூட்டம் என்ன சாப்பிடுகிறது என்று எழுதுவதற்கு முன், அதற்கு யார் சோறு போடுகிறார்கள் என்று விசாரியுங்கள். உங்கள் வீட்டில் இருந்து ஆரம்பியுங்கள்.