அரை டிகிரி தெற்கே

வரும் ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையில் வாசிக்க லூர்துசாமி கோயிலில் வேண்டுதல் கருத்து எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அதை அவர் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் சொன்னார்.

"'மகள் ஆரோக்கிய ஜெனிபர் விமான கேப்டனாக உயர்ந்ததற்கு நன்றியாக'ன்னு எழுதிக் குடுத்துட்டேன். சரியா?"

ஜெனிபர் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள்.

"இன்னும் ஆகலப்பா."

"இன்னிக்கி இல்லன்னா அடுத்த வாரம் ஆவப்போற. முன்னாடியே குடுத்தாதான் சார்லஸ் வரிசைல வெப்பான். அவன் கோயில்ல உபதேசியார் ஆனதுலேருந்து நாலு நாளைக்கி முன்ன குடுக்காத சீட்டத் தொடுறதே இல்ல."

லூர்துசாமி இருபத்து மூன்று வருடம் கடலூர் – சிதம்பரம் தடத்தில் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மகள் வளைகுடா நாட்டு நிறுவனம் ஒன்றில் எட்டு வருடமாகத் துணை விமானி. லீவில் வந்திருக்கிறாள் என்றுதான் கடலூரில் அவர்கள் இருந்த செம்மண்டலம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தது. உண்மையில் அவளைப் பறக்க வேண்டாம் என்று நிறுத்திவைத்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. சிதம்பரத்தில் பாலிடெக்னிக்கில் வேலை பார்க்கும் கணவன் லூர்து பிரகாஷுக்கு மட்டும்தான் அது தெரியும்.

நடந்தது அட்லாண்டிக் கடலுக்கு மேல். கரை இருக்கும் வரை ரேடார் பார்த்துக்கொள்ளும். நடுக்கடலுக்குப் போய்விட்டால் ஒவ்வொரு விமானமும் தனக்குச் சொல்லப்பட்ட கோட்டில், சொல்லப்பட்ட உயரத்தில் போகிறது என்ற நம்பிக்கையில்தான் மற்ற விமானங்கள் பக்கத்துக் கோடுகளில் போகும். அந்தக் கோட்டை அட்சரேகை, தீர்க்கரேகைப் புள்ளிகளாக எழுதிக் கொடுப்பார்கள். காற்றோ புயலோ நெரிசலோ வந்தால் பாதி வழியில் புள்ளிகளை மாற்றிச் செய்தி அனுப்புவார்கள். அது அடிக்கடி நடப்பதுதான், யாரும் பதறுவதில்லை. பயப்பட வேண்டியது புயலுக்கு அல்ல, புதிதாக வந்த எண்களுக்கு.

அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. செய்தியை அச்செடுத்து, தாளில் பழைய புள்ளிகளை அடிக்க வேண்டும். ஒருவர் புதிய புள்ளிகளைக் கணினியில் ஏற்றுவார். ஏற்றாத மற்றவர் ஒவ்வொரு புள்ளியையும் திறந்து, உள்ளே இருப்பதை முழுதாக வாய்விட்டுப் படித்துத் தாளோடு ஒப்பிடுவார். திசையையும் தூரத்தையும் தனியாகச் சரிபார்ப்பார். புள்ளியைக் கடந்து பத்து நிமிடம் கழித்து, விமானம் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் குறி வைப்பார்கள். முப்பது வருடம் பறந்தவரும் அன்றைக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை மாதிரிதான் படித்தாக வேண்டும்.

செய்தி வந்தபோது கேப்டன் ஸ்ரீதர் கழிப்பறைக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை அவள் காத்திருக்கலாம். மூன்று நிமிட வேலை என்று அவளே ஏற்றிவிட்டாள். அவர் காப்பியோடு வந்து உட்கார்ந்து, "எங்க, படிம்மா" என்றார். ஏற்றியவளே படித்தாள். சின்னத் திரையில் முழு டிகிரி மட்டும் தெரியும். அரை டிகிரி இருந்தால் புள்ளியைத் திறந்தால்தான் தெரியும். அவள் திறக்கவில்லை. இப்போதுதானே போட்டோம் என்ற ஞாபகத்தில், தாளில் இருந்ததை அப்படியே சொன்னாள். அவர் கேட்டுக்கேட்டுத் தாளில் டிக் போட்டார். கடைசிப் புள்ளியில் அரை டிகிரியை அவள் போடவே இல்லை.

விமானம் போகச் சொன்ன இடத்துக்குப் போகாமல், அதற்குத் தெற்கே நேராக, நிதானமாகப் போனது. உள்ளே பணிப்பெண்கள் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். எதிர்க்கரைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து, "உங்கள் வழியை உறுதி செய்யவும்" என்று செய்தி வந்தபோது பதினெட்டு மைல் விலகியிருந்தார்கள். பக்கத்தில் யாரும் இல்லை. திருப்பிக்கொண்டார்கள். பயணிகள் யாருக்கும் இன்றுவரை எதுவும் தெரியாது.

இருவரும் தனித்தனியாக அறிக்கை எழுத வேண்டியிருந்தது. இருவரும் சரிபார்த்தோம், எப்படியோ தவறிவிட்டது என்று ஸ்ரீதர் எழுதினார். நான் ஏற்றினேன், நானே படித்தேன், புள்ளியைத் திறக்காமல் ஞாபகத்திலிருந்து படித்தேன் என்று ஜெனிபர் எழுதினாள்.

மறுநாள் அவர் போன் செய்தார். "ஏம்மா அவ்ளோ விவரமா எழுதுன? அவுங்க கேட்டாங்களா?"

"நடந்தத எழுதச் சொன்னாங்க சார்."

"சரி. கேப்டன் ட்ரெயினிங் அடுத்த மாசம்னு ஞாபகம் இருக்குல்ல உனக்கு?" என்றார். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் சிதம்பரம் போனாள். மறுநாள் காலையில் பிரகாஷ் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அவள் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. நிறுவனத்திலிருந்து, மரியாதையான பெண்குரல். மறுபயிற்சி முடித்துத் துணை விமானியாகத் தொடரலாம். கேப்டன் பயிற்சி ரத்து. இரண்டு வருடம் கழித்துப் புதிதாக விண்ணப்பிக்கலாம். ஜெனிபர் நன்றி சொல்லி வைத்துவிட்டு மீதித் துணியையும் காயப்போட்டாள்.

"வேல போவலயே?" என்றான் பிரகாஷ்.

"போகல."

"அப்புறம் என்ன." அவன் பைக் சாவியைத் தேடினான். "மாமாகிட்ட நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்."

கடலூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. நாலுவழிச் சாலை வேலையில் புதுச்சத்திரத்துக்கு முன்னால் வண்டியை மண்பாதையில் இறக்கி விட்டார்கள். ஓட்டுநர் யாரையோ திட்டிக்கொண்டே ஓட்டினார். அப்பாவிடம் எந்தச் சொல்லில் ஆரம்பிப்பது என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் செம்மண்டலம் வந்துவிட்டது.

அவர் வாசலில் ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே சொன்னாள். அவர் குழாயை மூடிவிட்டுக் கேட்டார்.

"டைவர்ஷன் குடுத்தா போவ வேண்டியதுதான? இதுல இன்னா தப்பு?"

"குடுத்த வழில போகலப்பா. போறேன்னு சொல்லிட்டு வேற வழில போயிட்டேன்."

"எவ்ளோ தூரம்?"

"பதினெட்டு மைல். எங்க மைல் பெருசு. முப்பத்து மூணு கிலோமீட்டர் வரும்."

அவர் மனசுக்குள் ஒவ்வொரு நிறுத்தமாக எண்ணுவது அவர் உதட்டில் தெரிந்தது.

"இங்கேருந்து பி.முட்லூர் கிட்ட வந்துடுமே ஜெனி. பி.முட்லூர் வரைக்கும் தெரியாமயா போன?"

"ஆமாம்பா."

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "யாருக்கும் அடி கிடி?"

"இல்ல."

"அடியே படல. அதுக்கா ரெண்டு வருஷம்?" அவர் ஈரத்துணியைப் பிழிந்தார். பிழிந்ததையே மறுபடி பிழிந்தார். "நான் டிப்போவுலலாம் சொல்லிட்டனேம்மா."

உள்ளேயிருந்து அம்மா சவரிமேரியின் குரல் வந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "மொதல்ல கோயிலுக்குப் போயி அந்தக் கருத்த மாத்திட்டு வாங்க."

ஈர ஸ்கூட்டரிலேயே போனார். அரைமணி கழித்துத் திரும்பி வந்தபோது சட்டையின் பின்பக்கமெல்லாம் வேர்வையில் நனைந்திருந்தது.

"சொல்லிட்டேன். சார்லஸ் நோட்டுல அடிச்சிட்டு 'குடும்ப நலனுக்காக'ன்னு எழுதிக்கிட்டான்."

"ஏன்னு கேட்டாரா?"

"கேட்டான். தேதி தள்ளிப் போயிருக்குன்னேன்."

"மொதல்ல எழுதிக் குடுத்த சீட்ட வாங்கிட்டீங்களாப்பா?"

"அது எதுக்கு? நோட்டுலதான் மாத்திட்டானே."

பழைய தாளை அடிக்காமல் விடக்கூடாது என்று அவள் வாய்வரைக்கும் வந்தது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை அந்தப் படியேறி, இன்னொரு பொய் சொல்ல அவரை அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. சார்லஸ் பார்த்துக்கொள்வார் என்று நினைத்துக்கொண்டாள். சனிக்கிழமை முழுக்க அவளுக்கு நேரம் இருந்தது. கோயிலுக்கு நடந்தால் பத்து நிமிடம். அவள் போகவில்லை.

ஞாயிறு பூசையில் மூன்று பேரும் நடுவரிசையில் உட்கார்ந்தார்கள். புதிதாக வந்திருந்த ஃபாதர், பீடத்தின் மேல் சார்லஸ் வைத்திருந்த சீட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாக வாசித்தார். இறந்தவர்களுக்காக இரண்டு. ஒரு திருமண நாள். பிறகு, "லூர்துசாமி, சவரிமேரி தம்பதியரின் மகள் ஆரோக்கிய ஜெனிபர் விமான கேப்டனாக உயர்ந்ததற்கு நன்றியாக."

முன்வரிசைத் தலைகள் திரும்பின. யாரோ கைதட்ட ஆரம்பித்து, பூசை என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்கள். பக்கச்சுவர் ஓரம் நின்றிருந்த சார்லஸ் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். ஜெனிபர் குனிந்து அப்பாவின் கையைப் பார்த்தாள். அது முழங்காலின் மேல் அசையாமல் இருந்தது.

பூசை முடிந்து வெளியே வந்ததும் முதலில் பிடித்துக்கொண்டது ரீட்டா டீச்சர். ஐந்தாம் வகுப்பில் அவளுக்குப் பூகோளம் எடுத்தவர். இரண்டு கையையும் பற்றிக்கொண்டு, "கேப்டன்னு கூப்புடணுமாடி இனிமே ஒன்ன?" என்றார். பின்னால் ஐந்தாறு பேர் சிரித்த முகமாகத் தங்கள் முறைக்கு நின்றார்கள்.

அப்பா பக்கத்தில்தான் நின்றார். மாதா கெபியைப் பார்த்தபடி இருந்தார். தலையை மட்டும் ஆட்டிவிட்டால் போதும், அவர் எதுவும் சொல்லமாட்டார், சந்தோஷமாகக்கூட இருப்பார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"இல்ல டீச்சர். ஆகல."

"இப்பதான படிச்சாங்க?"

"அது பழைய சீட்டு. வழி மாத்திக் குடுத்தாங்க, நான் சரியா பாக்காம விட்டுட்டேன். ரெண்டு வருஷம் தள்ளி வெச்சிட்டாங்க."

ரீட்டா டீச்சர் கையை விடவில்லை. ஆனால் பிடி தளர்ந்தது. "பரவால்லடி. ஆண்டவர் இருக்காரு" என்று சொல்லி ஒதுங்கினார்.

லூர்துசாமி ஸ்கூட்டர் நிறுத்தியிருந்த பக்கம் நடந்தார். சவரிமேரி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு அவர் பின்னால் போனாள்.

அடுத்து நின்ற பெண்மணி கையை நீட்டினார். ஜெனிபர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.