நீல முகமூடியின் இருமல்

என் எழுத்து மேசையை ஜன்னலோரத்திலிருந்து இழுத்து, அறையின் இருட்டு மூலையில் போட்டிருக்கிறேன். பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் எழுத வேண்டியிருக்கிறது. வெளிச்சத்தில் எழுதியபோது மட்டும் என்ன கிழித்தேன் என்று மனைவி கேட்டாள்; நியாயமான கேள்வி. மேசைமேல் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கும் ரத்த அழுத்த மாத்திரைக்கும் நடுவே ஒரு வீடியோ கேசட் இருக்கிறது. அதன் முதுகில் ஒரு மூலையில் சின்னப் பள்ளம், பள்ளத்தின்மேல் மஞ்சளாகிப்போன செலோ டேப் துண்டு. கடையில் விற்ற படக் கேசட்டுகளில் அந்தப் பள்ளம் திறந்தே இருக்கும். இதன்மேல் யாரும் எதையும் பதியக் கூடாது என்று அர்த்தம். அதை ஒட்டி மூடிவிட்டால் இயந்திரம் ஏமாந்துபோய்ப் பதிய விட்டுவிடும். இதை ஒட்டி மூடியவர் என் பெரியப்பா. பல்லால் கடித்துக் கிழித்த தடம் ஓரத்தில் இன்னும் தெரிகிறது.

பெரியப்பா என்றால் என் அம்மாவின் அக்காள் கணவர். சேலத்துக்கு மேலே மலையில், வாழவந்திக்கு அப்பால் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தார். ஆள் கணக்கு, கூலி, துரைமாருக்கான கடிதம் எல்லாம் அவர் கைதான். எங்கள் குடும்பத்தில் எழுதிப் பிழைத்த முதல் ஆள் அவர். இரண்டாவது ஆளான என்னைவிட அவரை ஊன்றிப் படித்தவர்கள் அதிகம். ஓர் ஆங்கிலப் பத்திரிகையில், சாகச வீரன் ஒருவனின் கார்ட்டூன் தொடரை வீட்டுக்கே அனுப்புகிறோம் என்று பம்பாய்க் கம்பெனி ஒன்று போட்டிருந்த விளம்பரத்தைப் பார்த்து எழுதிப் போட்டார். எஸ்டேட் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெபம் முடிந்து வந்து பார்த்தால் இங்கிலீஷ் வரும் என்பது அவர் திட்டம். மாதத்துக்கு ஒன்றாக வி.பி.பி. பார்சலில் கேசட் வரும்; தபால்காரரிடம் பணத்தைக் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வரவில்லை. சில வாரங்களில் பிள்ளைகளும் வரவில்லை. கடைசிவரை தவறாமல் வந்து உட்கார்ந்தது பெரியம்மா ஒருவர்தான்.

அவருக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. அதனால் பெரியப்பா டிவியின் சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டுப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, எல்லாப் பாத்திரங்களுக்கும் தானே பேசினார். வாயில் நுழையாத பெயர்கொண்ட அந்த வீரனுக்கு நீல முகமூடி என்று பெயர் வைத்தவரும் அவர்தான். எஸ்டேட் கடிதங்களிலேயே ஊறிய மனிதர் என்பதால் நீல முகமூடி சுற்றறிக்கை மாதிரி பேசுவான்: "மேற்படி பாலத்தை நீர் உடனடியாகக் கீழே வைக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறீர்." வில்லன் மட்டும் நம் பக்கத்து ஆள். "உங்களக் கொல்லப் போறேனுங்க, கோவிச்சுக்காதீங்க" என்பான். கேசட்டுகள் வரிசையாக வந்ததும் இல்லை. இரண்டாவதற்கு அடுத்து ஐந்தாவது வரும்; ஐந்தாவதில் செத்துப்போனவன் அடுத்த மாதம் மூன்றாவதில் எழுந்து நடமாடுவான். பெரியப்பா அசராமல் அவனுக்கு ஒரு தம்பியைப் படைத்துச் சமாளித்தார். மொச்சை உரித்துக்கொண்டே பெரியம்மா கேட்பார், "அவனுக்கு ஆரு சோறாக்கறாங்க?" அடுத்த காட்சியிலேயே நீல முகமூடிக்கு ஓர் அத்தை வந்துவிடுவாள், திரையில் தெரியாமலே.

நான் அப்போது சேலத்தில் கல்லூரி விடுதியில் இருந்தேன். நிறையப் படித்தவன், அதாவது படித்த புத்தகங்களின் பெயரைப் பிறர் காதில் விழும்படிச் சொல்கிறவன். விடுமுறையில் மேலே வரும்போதெல்லாம் இந்தக் கூத்தை வாசற்படியில் சாய்ந்து நின்று, உதட்டோரச் சிரிப்புடன் பார்ப்பேன். உள்ளே போய் உட்கார என் இலக்கியத் தரம் இடம் கொடுக்கவில்லை.

ஒரு வருடம் வில்லனின் குரல் கரகரத்தது. "இப்பத்தான் வில்லன் நொம்ப நல்லா வந்திருக்கறான்" என்று பெரியம்மா பாராட்டினார். பிறகு நீல முகமூடிக்கும் கரகரத்தது. பிறகு சோறாக்கிப் போட்ட அத்தைக்கும். கீழே பெரிய ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் கருவியை விட்டுப் பார்த்த டாக்டர், குரல்வளையை முழுதாக எடுத்தாக வேண்டும் என்றார். உயிர் இருக்கும், பேச்சு இருக்காது. அறுவைக்கு நாள் கொடுத்தார்கள். இன்னும் எத்தனை நாள் பேசலாம் என்பதை மட்டும் பெரியப்பா கேட்டுக்கொண்டார்.

அடிவாரத்தில் கல்யாண வீடியோ எடுப்பவர் ஒருவர் இருந்தார். ஓடுகிற படத்தை அழிக்காமல் சத்தத்தை மட்டும் மாற்றிப் பதியும் இயந்திரம் அவரிடம் இருந்தது. ஊர்வலங்களுக்கு நாதஸ்வரம் சேர்ப்பதற்காக வாங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் ஒவ்வொரு முறையும் பெரியப்பா பையில் கேசட்டுகளோடு அங்கே இறங்கினார். ஒருநாள் நானும் கூடப் போனேன்.

"பழைய சத்தம் பூராவும் அழிஞ்சிருமுங்க ரைட்டரய்யா, மியூசிக்குங்கூடப் போயிரும்" என்று வீடியோக்காரர் எச்சரித்தார்.

"மியூசிக்கும் நானே போட்டுக்கறேனுங்க" என்றார் பெரியப்பா.

கல்யாண ஆல்பங்கள் அடுக்கிய அந்தச் சின்ன அறையில், பல்லால் டேப்பைக் கிழித்துப் பள்ளத்தை மூடிவிட்டு, மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் சண்டையிட்டார், பறந்தார், மலையைப் பெயர்த்தார். இடையிடையே இருமினார். திரும்பி வரும் பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளில் சாய்ந்து சாய்ந்து வந்துகொண்டிருந்தவர், நான் கேட்காமலே சொன்னார்: "அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது கண்ணு. நா பேசாட்டி அந்தப் படத்துல என்ன இருக்குது? வெறும் பொம்மை."

எல்லாக் கேசட்டையும் முடித்துவிட்டுத்தான் அறுவைக்குப் போய்ப் படுத்தார். அதற்குள் நான் அவற்றில் ஒன்றை விடுதிக்கு எடுத்துப் போயிருந்தேன். நண்பர்களோடு போட்டுப் பார்த்துச் சிரிப்பதற்காக.

பெரியப்பா கழுத்தில் ஒரு துளையும், துளையை மறைக்க வெள்ளைத் துணியும், பேசுவதற்கு ஒரு சிலேட்டுமாகத் திரும்பி வந்தார். அந்த வருடம் பனிமூட்டம் விலகவேயில்லை. எங்கள் மலையில் ஈரம் எதையும் விடாது; செருப்பில் பூஞ்சை பூக்கும், வேதாகமத்தின் அட்டையிலும் பூக்கும். கேசட்டுகளைக் காப்பாற்ற ஓர் அலமாரிக்குள் குண்டு பல்பு ஒன்றை எந்நேரமும் எரியவிட்டிருந்தார் பெரியப்பா. மரம் விழுந்து கம்பி அறுந்ததில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. பல்பு அணைந்தது, கேசட்டுகளுக்குள் வெள்ளை படர்ந்தது.

ஒரு காலையில் சுள்ளென்று வெயில் வந்தது. அந்த மலையில் எது நமத்தாலும் போகும் இடம் ஒன்றுதான், காப்பி உலர்த்தும் சிமென்ட் களம். தலையணை, மிளகாய், வேதாகமம் எல்லாம் அங்கேதான் காயும். பெரியம்மா கேசட்டுகளை உறையிலிருந்து எடுத்து, விரித்திருந்த காப்பிக்கொட்டையின் மேல், முகம் வானத்தைப் பார்க்க, ஒவ்வொன்றாக வைத்தார். புருஷன் குரலுக்குச் சூடு காட்டிவிட்டு உலை வைக்கப் போனார். மாத்திரையின் மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பெரியப்பா உச்சி வெயிலில் விழித்து ஜன்னல் வழியே பார்த்தார். கேசட்டுகளின் பிளாஸ்டிக் நெளிய ஆரம்பித்திருந்தது.

அவரால் கத்த முடியாது. ஓடிப் போய் எடுக்கக் காலில் தெம்பு இல்லை. ஆபீஸ் முன்னால் தொங்கிய தண்டவாளத் துண்டுவரைக்கும் சுவரைப் பிடித்து நடந்து, இரும்புக் கம்பியால் அதை ஓங்கி ஓங்கி அடித்தார். பிரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பதற்கு, எல்லாரையும் கூப்பிட அடிப்பது அது. நேரங்கெட்ட நேரத்தில் அடித்தால் எஸ்டேட்டில் எல்லாருக்கும் தெரிந்த அர்த்தம் வேறு: மழை வருது, கொட்டையைக் குவி. இருபது வருடமாக அந்த அர்த்தத்தை அவர்களுக்குப் பழக்கியவரே அவர்தான். நாலாபக்கமிருந்தும் ஆட்கள் ஓடி வந்தார்கள். பெரியப்பா களத்தைக் கை காட்டினார். வானத்தைப் பார்க்கக்கூட யாரும் நிற்கவில்லை, ரைட்டர் அடித்துவிட்டாரே. பலகைகளை எடுத்து மளமளவென்று கொட்டையைத் தள்ளினார்கள், கேசட்டும் சேர்ந்து போயிற்று. ஈரக் கையோடு ஓடி வந்த பெரியம்மாவும் ஒரு பலகையைப் பிடித்தார். பெரியப்பா அடிக்க அடிக்க அவர்கள் இன்னும் வேகமாகத் தள்ளினார்கள். கடைசியில் அவர் கம்பியைக் கீழே போட்டபோது குவியல் தயாராக இருந்தது, மேலே தார்ப்பாயும் போட்டாயிற்று. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

நான் இதை நேரில் பார்க்கவில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும். பெரியம்மா குவியலைக் கையால் கலைத்து எடுத்தபோது கேசட்டுகளின் ஓடுகள் உடைந்திருந்தன, ரிப்பன் கொட்டைகளைச் சுற்றிக்கொண்டு சுருள் சுருளாக வந்தது. பெரியப்பா சிலேட்டில் எதையோ எழுதி, அழித்து, மறுபடி எழுதி அவரிடம் காட்டினாராம்: 'கொட்டை நன்றாகக் காய்ந்திருக்கிறது.' அடுத்த பனிக்காலத்துக்கு அவர் இல்லை. அந்தக் களத்தைப் பற்றிப் பெரியம்மா ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை.

சென்ற மாதம் பரணிலிருந்து என் விடுதிப் பெட்டியை இறக்கியபோது இந்தக் கேசட் கிடைத்தது. என் ஆயுளில் நான் உருப்படியாகப் பாதுகாத்த ஒரே பொருள், கேலி செய்ய எடுத்துப் போனது. சேலத்துக் கடையில் கொடுத்துப் பென் டிரைவில் மாற்றினேன். "பாதிக்கு மேல ஓரத்துல பூஞ்சை சார், படம் வருது, சத்தம் வராது" என்றான் கடைக்காரப் பையன். பெரியம்மா இப்போது எங்களோடுதான் இருக்கிறார். போட்டுக் காட்டுவதா, பழையதைக் கிளறி அவரைக் கொல்லாமல் விடுவதா என்று பல நாள் யோசித்தேன். போன ஞாயிறு, கோயில் முடிந்து வந்ததும் போட்டேன்.

"டண்டடான்" என்று பெரியப்பா ஆரம்பித்தார். நீல முகமூடி பறந்தான். "மேற்படி மலை தொடர்பாக உமக்கு ஏற்கெனவே எச்சரிக்கை வழங்கப்பட்டுள்ளது" என்றான். பெரியம்மா காதுக் கருவியை லேசாகத் திருகிக்கொண்டார். மலையைத் தூக்கிப் பிடித்த நிலையில் நீல முகமூடி இருமினான். நீளமான, ஈரமான இருமல். விடுதியில் நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த இடம் அதுதான். பிறகு வேறு யாருக்காகவும் இல்லாத, தாழ்ந்த குரலில் அவன் சொன்னான்: "இந்தா, கொஞ்சம் இரு. தண்ணி குடிச்சிட்டு வந்தர்றேன்."

அதற்குமேல் சத்தம் இல்லை. படம் மட்டும் ஓடிற்று. நான் ரிமோட்டை எடுத்தேன்.

"இருக்கட்டும் கண்ணு" என்றார் பெரியம்மா. "வர்றேன்னு சொல்லீருக்காருல்ல."

முடியும்வரை உட்கார்ந்திருந்தோம். நீல முகமூடி வாயை வாயை அசைத்தான். யாரோ ஒருவனைக் காப்பாற்றினான். திரை வெறுமையான பின் பெரியம்மா கேசட்டைக் கேட்டு வாங்கி, மடியில் வைத்து, செலோ டேப்பின் கிழிந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். என்னிடம் திருப்பித் தரும்போது ஜன்னலைப் பார்த்தார். வெளியே நல்ல வெயில்.

"இத வெயில்ல கியில்ல வெச்சராத, சாமி" என்றார்.

அன்று சாயங்காலமே மேசையை இழுத்துப் போட்டேன்.